புயலிலும் பேச வேண்டிய குழாய்கள்: குப்பத்து எச்சரிக்கை அமைப்பைச் செப்பனிட்ட பதிவு

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கும் மணல்திட்டின்மேல் எங்கள் குப்பம் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே ஆறு, வெளியேற ஒரே தார்ச்சாலை. இப்படிப்பட்ட ஊருக்குப் புயல் செய்தி சென்னையிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ புறப்பட்டுவிட்டால் மட்டும் போதாது. கருவாடு காயவைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் காதிலும், வலைக்கூடத்தில் படுத்திருக்கும் முதியவரின் காதிலும், மின்சாரம் நின்று போன பிறகும் அது விழ வேண்டும். அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டர் தூரத்துக்காக, ஊரின் ஒலிபெருக்கிக் குழாய்களைச் செப்பனிட்டு நாங்கள் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் முதுநகரில் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டும் தொழில் செய்பவன். குப்பத்தின் இளைஞர்கள் சிலரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும், ஊர்ப் பஞ்சாயத்தாரும் சேர்ந்து செய்த வேலை இது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தொண்டு அமைப்பு எங்கள் மாரியம்மன் கோயில் அருகே ஒரு கம்பம் நட்டு, இரண்டு கூம்புக் குழாய்களும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் வைத்துக் கொடுத்தது. நல்ல எண்ணத்தோடு கொடுத்தார்கள். ஆனால் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, "ஆபத்துக் காலத்தில் மட்டும்" என்று எழுதி, சாவியை ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். ஆபத்து இல்லாத ஆண்டுகளில் யாரும் அதைத் தொடவில்லை. உப்புக்காற்று மட்டும் நாள்தோறும் தொட்டது. அது எப்போது ஊமையானது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

ஃபெஞ்சல் புயலின்போதுதான் அதன் விலை புரிந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட அந்தப் புயல் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. காற்று அடங்கி, இனி பயமில்லை என்று மக்கள் வீடு திரும்பிய பிறகு, ஆபத்து மேற்கிலிருந்து வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேல் நீர் வெளியேற்றப்பட, தென்பெண்ணை பெருகிக் கடலூரின் வடபுறப் பகுதிகளுக்குள் புகுந்தது. எங்கள் பக்கம் உப்பனாறும் மழைநீரில் தளும்பியது. கைபேசிக்கு எச்சரிக்கைச் செய்திகள் வந்தன; ஆனால் மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் சார்ஜ் உள்ள கைபேசி வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை. இளைஞர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். அதன் பிறகு கூடிய பஞ்சாயத்தில், அரசின் ஏற்பாடுகள் ஒருபுறம் இருக்கட்டும், குப்பத்துக்குள் பேசுவதற்கு நம் கையில் ஒரு குரல் வேண்டும் என்று முடிவாயிற்று. பணத்துக்குப் படகுக்கு இவ்வளவு என்று வரி போட்டுக்கொண்டோம். வேலைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொண்டோம். ஆண்கள் அனைவரும் கரையில் இருக்கும் காலம் அது ஒன்றுதான்.

முதலில் பழைய குழாய்களை இறக்கினோம். குழாயின் பின்புறம் திருகி மாட்டப்பட்டிருக்கும் உருண்டையான பாகத்தை மைக்செட்காரர்கள் யூனிட் என்பார்கள். ஒலி பிறப்பது அதில்தான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், 16 ஓம் யூனிட் நல்ல நிலையில் 12 முதல் 14 ஓம் வரை காட்ட வேண்டும். ஒன்று எதையும் காட்டவில்லை, அதாவது காயில் அறுந்திருக்கிறது. மற்றொன்று சரியான அளவைக் காட்டியும் ஒலி வரவில்லை. இரண்டையும் பிரித்தோம். அறுந்த யூனிட்டின் காயில் கம்பி, முனையோடு பற்றவைத்த இடத்தில் பச்சையாகக் களிம்பேறி, விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது. சரியான அளவு காட்டிய யூனிட்டில் குறை யூனிட்டிலேயே இல்லை. அதைக் கழற்றி ஆம்ப்ளிஃபையரில் நேராக இணைத்தால் நன்றாகப் பேசியது. அது மாட்டப்பட்டிருந்த குழாயின் கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, குளவி மண்கூடு கட்டி வழியை முழுவதுமாக அடைத்திருந்தது தெரிந்தது. ஒரு குச்சியால் அதைக் குத்தி எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு அந்தக் குழாய் இன்றுவரை வேலை செய்கிறது. அறுந்த யூனிட்டுக்கு டயஃப்ரமும் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) காயிலும் ஒன்றாகச் சேர்ந்த மாற்றுப் பாகம் கடைகளில் கிடைக்கிறது. மூன்று திருகுகளைக் கழற்றிப் பழையதை எடுத்து, காந்த இடைவெளியில் துரும்போ துருவோ இல்லாமல் ஒட்டுநாடாவால் ஒற்றித் துடைத்து, புதியதை நடுவில் சரியாக உட்காரவைத்தால் வேலை முடிந்தது. இதைச் செய்ய மின் தொழிலாளி தேவையில்லை. குப்பத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்கள் இருவர் இப்போது இதைத் தாங்களாகவே செய்கிறார்கள். ஒரு குழாய் போனால் கடலூருக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கும் நிலை மாறியதை இந்த வேலையின் பெரிய பலன்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

அடுத்து, ஒலி எங்கே எட்டுகிறது என்று பார்த்தோம். ஒருவர் கோயிலில் உட்கார்ந்து மைக்கில் எண்களையும் ஊர்ப் பெயர்களையும் மாற்றி மாற்றி வாசிக்க, மற்றவர்கள் தெருத்தெருவாக நடந்து, கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள். சத்தம் காதில் விழுவதும் சொல் விளங்குவதும் வேறு வேறு என்பதால், எழுதிய எண் சரியாக இருந்தால்தான் அந்த இடம் கேட்கும் இடம் என்று வைத்துக்கொண்டோம். சுனாமிக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடுகளில் கதவை அடைத்துவிட்டால் பாதிச் சொற்கள் போய்விட்டன. வடக்கு முனையில் ஏலக்கூடத்தருகே இருந்த ஒரு பெரியம்மா, "சத்தம் வருது தம்பி, ஆனா அலைச்சத்தத்துல ஒண்ணும் விளங்கல" என்றார். அவர் தாளில் எழுதச் சொன்ன எண்கள் ஒன்றுகூட மைக்கில் வாசித்த எண்ணாக இல்லை.

இதற்கு முதலில் வந்த யோசனை, பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பலன் தராது. ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். கேட்பவர் இரண்டு மடங்கு தூரம் விலகினாலோ 6 டெசிபெல் குறையும். ஆகவே ஓரிடத்தில் உரக்கக் கத்துவதைவிட, இரண்டு மூன்று இடங்களில் அளவாகப் பேசுவதே சரி. அதோடு காற்று இருக்கிறது. காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். காற்றோடு போகும் ஒலி தரையோடு தவழ்ந்து நெடுந்தூரம் போகும். தடைக்காலத்தில் நாங்கள் நடந்து பார்த்தது தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றில். எச்சரிக்கை தேவைப்படுவதோ வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில். அப்போது கோயிலிலிருந்து வடக்கேயும் கடற்கரையை நோக்கியும் போகும் குரல் காற்றை எதிர்த்தே போக வேண்டியிருக்கும். எனவே இரண்டாவது நிலையத்தை வடக்கு முனையில், கடலை ஒட்டிய ஏலக்கூடத்திலேயே வைத்து, அதன் குழாய்களைத் தெற்கு நோக்கித் திருப்பினோம். வாடைக்காற்று அந்தக் குரலைத் தானே சுமந்து ஊருக்குள் கொண்டுவரும். பருவமழைக் காலத்தில் மறுபடி நடந்து பார்த்தபோது, அந்தப் பெரியம்மா நின்ற இடத்தில் எல்லா எண்களும் சரியாக வந்தன.

இரண்டு நிலையங்களையும் ஒரே கம்பியில் இணைக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. புயலில் முதலில் விழுவது தென்னையும் சவுக்கும். விழும்போது அவை கம்பியையும் அறுத்துக்கொண்டே விழும். எனவே கோயிலுக்கு ஒன்று, ஏலக்கூடத்துக்கு ஒன்று என்று தனித்தனி ஆம்ப்ளிஃபையர், தனித்தனி பேட்டரி, தனித்தனி சோலார் பேனல் வைத்தோம். ஒன்று செத்தாலும் மற்றது பேசும். ஆம்ப்ளிஃபையர் மின்சாரத்திலும் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் 120 வாட் வகை. ஊர்த் திருவிழாக்களில் பார்ப்பதுதான். ஒரு நிலையத்திலிருந்து தெருமுனைக் குழாய்கள் வரை கம்பி நீள வேண்டியிருந்ததால் 100 வோல்ட் லைன் முறையில் இணைத்தோம். 120 வாட்டை 4 ஓம் இணைப்பில் அனுப்பினால் கம்பியில் ஏறத்தாழ 5.5 ஆம்பியர் ஓடி, வழியிலேயே பாதி சக்தி வெப்பமாகப் போகும். 100 வோல்ட் லைனில் 1.2 ஆம்பியர்தான் ஓடும் என்பதால் மெல்லிய கம்பியே போதும். இதற்கு ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். ஒவ்வொன்றையும் 25 வாட் முனையில் வைத்து நான்கு குழாய்கள் மாட்டினால் மொத்தம் 100 வாட். ஆம்ப்ளிஃபையருக்குச் சற்றே மூச்சுவிட இடம் இருக்கும். பேசும்போது அந்த லைனில் கைபட்டால் அதிர்ச்சி அடிக்கும் என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

கம்பம் நடுவதுதான் எங்களுக்கு நீண்ட வேலையாக இருந்தது. மணலில் நான்கடி தோண்டுவதற்குள் பக்கச் சுவர் சரிந்து குழி மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே உப்புத்தண்ணீர் ஊறும். கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறைகள் இரண்டை வாங்கி, கிணறு வெட்டுவதுபோல உள்ளே நின்று மணலை அள்ள அள்ள உறைகளை இறக்கினோம். உறை தன் எடையில் தானே இறங்கிச் சுவராக நின்றுகொண்டது. அதன் நடுவில் மூன்று அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க் கம்பத்தை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, உறைக்குள் கான்கிரீட் நிரப்பினோம். கான்கிரீட்டுக்குக் குப்பத்துக் கைப்பம்புத் தண்ணீரை ஊற்றவில்லை. உப்புநீரில் கலந்த கான்கிரீட் பார்வைக்கு நன்றாக இறுகும். உள்ளேயிருக்கும் இரும்பை மட்டும் தின்றுகொண்டே இருக்கும். முதுநகரிலிருந்து குடங்களில் நல்ல தண்ணீர் கொண்டுவந்துதான் கலவை போட்டோம். கம்பம் கான்கிரீட்டைவிட்டு வெளியே வரும் இடம்தான் முதலில் துருவேறும் இடம். பழைய கம்பமும் அங்கேதான் கைவிரல் உள்ளே போகும் அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. எனவே கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தட்டையாக விடாமல் கம்பத்தைச் சுற்றிச் சரிவாக இழைத்து, தண்ணீர் தேங்காமல் வழிந்தோடச் செய்து, அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குத் துத்தநாகப் பூச்சும் அதன்மேல் தாரும் பூசினோம்.

உப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத்தில் எந்தக் கருவியையும் உண்மையில் கொல்வது புயல் அல்ல, உப்புதான். புயல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். உப்பு ஒரு நாளும் தவறாமல் வரும். சாதாரண போல்ட்டுகள் ஓர் ஆண்டுகூடத் தாங்குவதில்லை. துருப்பிடிக்காத எஃகிலும் 304 ரகம் கடற்கரையில் பழுப்பேறுகிறது. 316 ரகம் விலை கூடினாலும் நிற்கிறது. எஃகு போல்ட் ஜிஐ கம்பத்தைத் தொடும் இடத்தில் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் துத்தநாகம் விரைவில் கரையும் என்பதால் நடுவில் நைலான் வாஷர் கொடுத்தோம். கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டோம். டேப்புக்கு அடியில் ஈரம் ஏறிக் களிம்பு பிடித்துவிடும். ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையை மேலே இட்டு மூடினோம். பேட்டரி முனைகளுக்கு வாசலின் தடவினோம். குழாய்களின் வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்ததில் மழைநீர் உள்ளே தேங்குவது நின்றது. குளவிகள் நுழையாதபடி வாய்க்கு மெல்லிய நைலான் வலையும் கட்டினோம். வலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

மின்சாரத்தை நம்ப முடியாது என்பது 2011-இலேயே தெரிந்த செய்தி. அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு மாவட்டத்தின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதோடு, காற்று வலுக்கும்போது அறுந்த கம்பியால் உயிர்போகாமல் இருக்க மின்வாரியமே இணைப்பை நிறுத்திவிடும். அது சரியான முடிவுதான். எங்கள் கணக்கு இப்படி. பேச்சின்போது ஆம்ப்ளிஃபையர் சராசரியாக 5 ஆம்பியர் எடுக்கிறது. அரை மணிக்கொருமுறை ஐந்து நிமிட அறிவிப்பு என்றால் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரப் பேச்சு, அதாவது 20 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்தால், ஒரு துளி வெயில் இல்லாமலே இரண்டரை நாள் ஓடும். அறிவிப்புகளுக்கு நடுவே ஆம்ப்ளிஃபையரை நிறுத்திவிட வேண்டும், மீட்டரில் 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அறிவிப்பை மணிக்கொன்றாகக் குறைக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு வழி வைத்திருக்கிறோம். முதலைவாய்க் கவ்விகளும் ஃபியூஸும் பொருத்திய நீண்ட கம்பிச் சோடி ஒன்று இரண்டு பெட்டிகளிலும் தொங்குகிறது. ஷேர் ஆட்டோவின் பேட்டரியோ, படகில் விளக்குக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியோ, எது கைக்குக் கிடைத்தாலும் அதைக் கவ்வி மைக்கைப் பேச வைக்கலாம். ஊரில் பேட்டரிக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வராது.

சோலார் பேனலை நிலையாக இறுக்கவில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். ஒரு 100 வாட் பேனல் அந்தப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். அதைக் கூரையில் விட்டுவைத்தால் கூரையையும் சேர்த்துக் கொண்டுபோகும். கையாலேயே திருகிக் கழற்றும் நட்டுகள் நான்கில் மாட்டியிருக்கிறோம். கடலூர் துறைமுகத்தில் 5-ஆம் எண் கூண்டோ அதற்கு மேலோ ஏறிவிட்டால் பேனலைக் கழற்றிக் கோயில் மாடியில் சுவரோடு சாய்த்து வைத்துவிட வேண்டும், காற்று அடங்கியதும் மாட்ட வேண்டும். ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஊரின் மூத்த பெண்கள் தீர்மானித்தார்கள். சுனாமி நீர் கோயில் மண்டபச் சுவரில் எதுவரை நின்றது என்று ஆளாளுக்குக் கையை உயர்த்திக் காட்ட, எல்லாக் கைகளுக்கும் மேலே, மாடியில் ஒன்றையும், ஏலக்கூடத்தில் ஏணி வைத்து ஏறும் கான்கிரீட் பலகையில் மற்றொன்றையும் வைத்தோம்.

கருவி இவ்வளவு என்றால், அதில் என்ன பேசுவது என்பது தனி வேலை. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை அப்படியே வாசித்தால் மக்களுக்கு அதில் செய்ய வேண்டிய காரியம் கிடைப்பதில்லை. மையத்துக்கு அது குறையல்ல. அவர்கள் முழுக் கடற்கரைக்கும் சேர்த்து எழுதுகிறார்கள். எங்கள் ஒரு குப்பத்துக்கு உரியதாக மாற்றுவது எங்கள் வேலை. மாதிரி வாசகம் ஒன்றை எழுதி மகளிர் குழுவிடம் வாசித்துக் காட்டியபோது, குழுவின் தலைவியான என் அண்ணி, "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்னு எழுதியிருக்கியே தம்பி, எந்த இடம்? யாரைக் கூட்டிக்கிட்டு, எத்தனை மணிக்குள்ள? அதைச் சொல்லு" என்றார். அவர் சொன்னபடி திருத்திய வாசகம் இப்போது அட்டையில் பெரிய எழுத்தில் அச்சாகி, பிளாஸ்டிக் உறையிட்டு மைக்கின் பக்கத்தில் தொங்குகிறது. "இது கோயில் மைக். இப்போது மணி நான்கு. இந்தச் செய்தி மாவட்ட நிர்வாகத்திடமிருந்து வந்தது. இன்று இரவு காற்று பலமாக வீசும், கடல் ஊருக்குள் ஏறலாம். ஆறு மணிக்குள் எல்லோரும் சாலை வழியாகப் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள். முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் இப்போதே ஏலக்கூடத்துக்கு வாருங்கள், வண்டி நிற்கிறது. குடும்ப அட்டை, மருந்து, குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். படகை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். அடுத்த அறிவிப்பு நான்கரை மணிக்கு." நேரம், இடம் ஆகியவற்றை நிரப்பக் கோடுகள் விட்டிருக்கிறோம். ஒவ்வொரு அறிவிப்பும் மும்முறை, நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடைவெளி விட்டு. அடுத்த அறிவிப்பு எப்போது என்று கடைசியில் சொல்வது அண்ணியின் யோசனை. குரல் நின்றுபோனால் ஆபத்து முடிந்துவிட்டது என்று யாரும் எண்ணிக்கொள்ளாமல் இருக்க அது உதவும். ஃபெஞ்சலுக்குப் பிறகு ஆற்று வெள்ளத்துக்கென்று தனி அட்டையும் எழுதினோம்.

சுனாமி அட்டை இன்னொரு வகை. 2004-இல் சுமத்ரா அருகே நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29-க்கு ஏற்பட்டது, அலை நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரம் முழுவதும் நம்மிடம் செய்தி இல்லாமல் வீணாகப் போனது. 2007 முதல் ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11-இல் அதே பகுதியில் 8.6 அளவில் நடுக்கம் வந்து எச்சரிக்கை வந்தபோது, கடலூர்க் கரையோரம் முழுவதும் மக்கள் ஓடினார்கள்; பெரிய அலை வரவில்லை. அன்று ஓடியது வீண் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் எப்போது திரும்பலாம் என்று அன்று யாரும் சொல்லாததால், சிலர் ஒரு மணி நேரத்திலேயே கரைக்குத் திரும்பி வந்து நின்றதும், சிலர் இரவெல்லாம் சாலையில் கிடந்ததும் தவறு. எனவே எங்கள் சுனாமி அட்டையின் பின்புறத்தில் "ஆபத்து நீங்கியது, திரும்பலாம்" என்ற அறிவிப்பையும், அதை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் உறுதி செய்த பிறகே வாசிக்க வேண்டும் என்ற விதியையும் அச்சிட்டிருக்கிறோம்.

மைக்கில் பேசுவதற்குப் பொறுப்பானவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் ஆண்கள் கடலில் இருப்பார்கள். 2004-இல் அலை வந்த நேரத்தில் கரையில் மீனுக்காகக் காத்து நின்றவர்களும் வீட்டிலிருந்தவர்களும் பெண்களும் குழந்தைகளுமே. சாவி ஒருவரிடம் அல்ல, நான்கு வீடுகளில் இருக்கிறது. கடலுக்குள் போன படகுகளுக்குக் குழாயின் குரல் எட்டாது. அதற்கு விஎச்எஃப் என்னும் ரேடியோ கருவிதான், அந்த வேலையை மீனவர் சங்கம் தனியாகச் செய்கிறது. காது கேளாதவர்கள் வாழும் வீடுகளின் பட்டியல் அட்டையோடு இருக்கிறது. முதல் அறிவிப்பு முடிந்ததும் பக்கத்து வீட்டார் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கூம்புக் குழாய்க்குக் காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி பெற்றோம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டென்றாலும், பொது ஆபத்துக் காலத்துக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, இந்தக் குழாய்கள் நாள்தோறும் பேச வேண்டும் என்பதைத்தான். புதுச்சேரிப் பகுதியில் 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய கிராம அறிவு மையங்களில், வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களுக்கு இணையத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் அன்றாடம் சொல்லிவந்தார்கள். நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையைக் கேட்டதும் அந்த மைய ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்து மக்களைக் கரையிலிருந்து வெளியேற்ற முடிந்தது. அந்த மைக் அன்று வேலை செய்ததற்கும், அதில் வந்த குரலை மக்கள் நம்பியதற்கும், அது நாள்தோறும் பேசிய மைக் என்பது ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே எங்கள் பெட்டிகளிலிருந்து "ஆபத்துக் காலத்தில் மட்டும்" என்ற எழுத்தை அழித்தோம். காலையும் மாலையும் இன்காய்ஸ் தரும் அலை உயரமும் காற்றும் வாசிக்கப்படுகின்றன. ரேஷன் கடை திறப்பது, தண்ணீர் லாரி வருவது, மருத்துவ முகாம், காணாமல்போன ஆடு எல்லாம் அதே மைக்கில் வருகின்றன. குழாயில் கரகரப்பு வந்தால் அன்றைக்கே பத்துப் பேர் வந்து சொல்கிறார்கள், மறுநாளே பிரிக்கிறோம். ஆபத்துக்கென்று ஒதுக்கியது ஒன்றே ஒன்று, கையால் சுற்றும் சைரன். அதைத் திருவிழாவுக்கோ விளையாட்டுக்கோ சுற்றக்கூடாது. சுற்றினால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு மைக்கைக் கவனிக்க வேண்டும்.

உலக சுனாமி விழிப்புணர்வு நாளான நவம்பர் 5 அன்று ஒத்திகை நடத்தினோம். மின்சாரத்தை நிறுத்தி, கோயில் ஆம்ப்ளிஃபையரையும் வேண்டுமென்றே அணைத்து, ஏலக்கூட நிலையம் மட்டும் இயங்க, அதுவும் ஆட்டோ பேட்டரியில் ஓட, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அட்டையைப் பார்த்து வாசித்தாள். பள்ளிப் பிள்ளைகள் முதலிலும், நடக்க முடியாதவர்கள் வண்டியிலும் சாலைக்கு வந்து சேர்ந்தார்கள். தெற்கு முனையில் சவுக்குத் தோப்புக்கு அப்பால் இருக்கும் வீடுகளுக்குக் குரல் எட்டவில்லை என்பதும், அங்கிருந்து சாலைக்கு வரும் மண்வழி மழையில் மூழ்கும் என்பதும் அன்று தெளிவாயின. அந்த வீடுகளுக்கு இந்தப் பருவத்தில் கைமைக் ஒன்றும் சைரன் ஒன்றும் கொடுத்து, இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாக்கியிருக்கிறோம். மண்வழியை உயர்த்தித் தர ஊராட்சியிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். மூன்றாவது நிலையத்துக்கான உறைகள் தோப்போரத்தில் இறக்கி வைக்கப்பட்டுள்ளன. தடைக்காலம் தொடங்கியதும் குழி இறங்கும்.